துளை போடுகிறவர்

முதலில் டயரை நிமிர்த்திக் காதோடு சேர்த்து ஆட்டிப்பார்ப்பார். உள்ளே சலசலப்புக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். தண்ணீரை வெயில் பட்ட சிமெண்டில் கொட்டி, அது காயும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் டிரில்லை எடுப்பார். சுற்றிலும் துளை போடுவார். கருகிய ரப்பர் வாடை தெருவைத் தாண்டி என் கடைக்குள் வரும். "இனி நீ ஒரு சொட்டு வெச்சுக்க முடியாதுடா" என்று டயரின் முதுகில் ஒரு தட்டு தட்டி, கொட்டகைக்குள் உருட்டிவிடுவார்.

நாங்கள் மரியாதையாகத் தோன் வில்பர்த் என்று கூப்பிடும் அவருக்குத் தொழில் பஞ்சர் ஒட்டுவது. மெரிதா நகரின் தெற்கு ஓரத்தில், விமான நிலையச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. ஆணி குத்திய வண்டி எதுவானாலும் அவர் கொட்டகைக்கு முன்னால்தான் வந்து நிற்கும். ஒட்டித் தருவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேய்ந்த டயரைக் கண்டுவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒருமுறை ஒரு பேருந்து ஓட்டுநர் மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போன நல்ல டயரையும் சல்லடையாக்கிவிட்டார். அன்றைக்கு அவர் மனைவி எர்மிலா தெருவே கேட்கக் கத்தினாள்: "ஊர்ல இருக்கிறவன் ஓட்டையை அடைக்கத்தான்யா உன்கிட்ட வர்றான். நீ புதுசா நாலு போட்டு அனுப்புற!"

இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரையும்தான். காரணம் போகப்போகத் தெரியும்.

ஆள் குள்ளம். கழுத்து தடிப்பு. விரல் ரேகைகளில் கருப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் நிலைத்துவிட்டது. நடக்கும்போது கண் தரையிலேயே இருக்கும். ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவர் தேடுவது தண்ணீர். சோடா மூடி, பாதித் தேங்காய் ஓடு, பிள்ளைகள் விட்டெறிந்த பிளாஸ்டிக் லாரி, கோழிக்கு வைத்த கிண்ணம் என்று எது வாய் திறந்து கிடந்தாலும் குனிந்து கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. எங்கள் வீட்டுக் கோழிகள் அவரைக் கண்டால் கொக்கரிக்கும். மழைக்காலத்தில் அவற்றுக்குத் தாகம் தீர்ந்ததே இல்லை.

கோயிலிலும் அப்படித்தான். வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கிறது. எல்லோரும் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போவோம். இவர் கைக்குட்டையால் தொட்டியைத் துடைத்தே எடுத்துவிட்டார். சாமியாருக்கு வந்ததே கோபம். "வில்பர்த், அது மந்திரிச்ச தண்ணிப்பா!" என்றார். "மந்திரிச்சதுலயும் கொசு முட்டை போடுது சாமி. அதுக்கு ஞானஸ்நானம் ஆகலை" என்றார் இவர். பூசை முடியும்வரை பின்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

எங்கள் ஊரில் பூச்சியோடுதான் குடித்தனம். காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். அரிசியில் வண்டு, மர அலமாரியில் கரையான், செருப்புக்குள் தேள். மழைக்கு முன்னால் ஷூலாப் எறும்புகள் படையாக வீட்டுக்குள் நுழையும். அன்றைக்கு நாங்கள் குழந்தையையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவோம். கரப்பான், சிலந்தி, தேள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு அவை கிளம்பும்வரை வீடு அவற்றுடையது. அப்படி ஒருநாள் தெருவில் உட்கார்ந்திருந்தபோது வில்பர்த் அந்தக் கருப்பு வரிசையையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "இதுங்களுக்குப் பறக்க மட்டும் தெரிஞ்சிருந்தா, செல்மி, நான் டிரில்லை வித்துட்டுத் தூங்கப் போயிருவேன்" என்று என்னிடம் சொன்னார்.

வருஷத்துக்கு ஒருநாள், வீட்டுக் கொல்லையில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் தெருவில் கொண்டுவந்து போடச் சொல்லி நகராட்சி லாரி அனுப்பும். உடைந்த வாளி, துருப்பிடித்த குளிர்பெட்டி, மூடியில்லாத பானை எல்லாம் வெளியே வரும். லாரி வருவதற்குள் அதில் பாதி தெருவுக்குள்ளேயே வீடு மாறிவிடும். ஒருத்தி எறிந்த தொட்டி இன்னொருத்திக்குச் செடி வைக்க ஆகும். இந்த வருஷம் வில்பர்த் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். "மகளே, அதை வெச்சுட்டுப் போ. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அதட்டினார். "உங்க கண்ணு சாமான்மேலயா, எங்கமேலயா?" என்று திருப்பிக் கொடுத்தார்கள். முன்பானால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார்.

கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வரும் நாட்களும் உண்டு. மாலையில் ஒலிபெருக்கியோடு வந்து, தெரு முழுக்க வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டு போகும். அப்போது கதவு சன்னலை அடைக்கக் கூடாது. அகலத் திறந்துவிட வேண்டும், புகை உள்ளே போய் மூலையில் இருப்பதைக் கொல்லட்டும் என்று. நாங்கள் குழம்புச் சட்டியை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இருமிக்கொண்டு நிற்போம். கடந்த டிசம்பரிலிருந்து ஒரு வீடு மட்டும் திறப்பதில்லை. அது லாந்தியின் வீடு. வில்பர்த் புகைக்குள் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். போய்த் தட்டமாட்டார்.

லாந்தியின் கொல்லைக்கும் அவர் கொட்டகைக்கும் நடுவில் இடுப்பளவு கல் அடுக்குச் சுவர். அவள் மகள் சுவெமி ஆறு வயதில் அந்தச் சுவரை ஆடு மாதிரித் தாண்டுவாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டயர்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வாள். அதுதான் அவள் வீடு. வில்பர்த் பக்கத்தில் வந்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: "தட்டாம வராதீங்க!" அவர் ரப்பரில் விரலை மடக்கித் தட்டுவார். சத்தமே வராது. "கேக்கலை, இன்னொரு தடவை" என்பாள். பிள்ளையில்லாத மனிதர், வேலையைப் போட்டுவிட்டு இந்த விளையாட்டுக்கு நிற்பார்.

அப்போதெல்லாம் அவர் டயரில் துளை போட்டதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கொட்டகைக்குப் பின்னால் டயர்கள் மலையாகக் கிடந்தன. மழை பெய்யும், நிரம்பும். சுகாதார ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். "நாளைக்குப் பண்றேன்" என்பார். அந்த நாளை வரவேயில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் சுவெமிக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். பிறகு காய்ச்சல் விட்டது. லாந்தி சந்தோஷமாகக் கோழிச் சாறு வைத்து, எனக்குக்கூட ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். டெங்கு செய்கிற துரோகம் அதுதான், காய்ச்சல் விட்ட பிறகுதான் கழுத்தைப் பிடிக்கும். மறுநாள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெறும் உடலோடு திரும்பினார்கள்.

தெருவுக்குக் காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை. என் கடையில் சோள மாவு வாங்க வந்தவர்களே பேசிக்கொண்டார்கள். "பிள்ளை அந்த டயருக்குள்ளதானே கிடக்கும்?" என்றாள் ஒருத்தி. "அந்த ஆளுக்கு எத்தனை தடவை சொன்னாங்க!" என்றாள் இன்னொருத்தி. வில்பர்த் கேட்டுக்கொண்டே வந்து நின்றார். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. சிகரெட் கேட்டார். அவர் சிகரெட் குடிப்பவரே அல்ல.

பெயர்களை மாற்றியதற்கான காரணம் இனிமேல்தான் வருகிறது. எங்கள் தெருவில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். அக்டோபர் கடைசியில் ஆன்மாக்கள் வீட்டுக்கு வரும். மாதம் முழுக்க இருந்துவிட்டுத்தான் திரும்பும். வீட்டில் படையல் மேசை போட்டு, சாமந்தியும் கோழிக்கொண்டைப் பூவும் சாடியில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்போம். தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்கும் அல்லவா? அந்த மேசையில் இருக்கும் தண்ணீர் எதையும் யாரும் கொட்டமாட்டார்கள். சுகாதார ஆட்கள் கொல்லையைத் தேடுவார்கள், தொட்டியைத் தேடுவார்கள், படையல் மேசைப்பக்கம் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போவார்கள். போன வருஷம் லாந்தி தன் அம்மாவுக்காக மேசை போட்டிருந்தாள். ஆயா வந்தால் நான்தான் முதலில் பார்ப்பேன் என்று அடம்பிடித்து, சுவெமி தன் தூளியை அந்த மேசையை ஒட்டிக் கட்டச் சொன்னாள். மாதம் முடிந்தும் மேசை எடுக்கப்படவில்லை. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

சுவெமியை அந்த அறையிலேயே கிடத்தியிருந்தார்கள். ஊரே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது வில்பர்த் மேசையோரம் நின்றார். காய்ந்த சாமந்தியை விலக்கிச் சாடிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கவிழ்த்தார். லாந்தி பார்த்துவிட்டாள். மகள் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "எங்கம்மா தண்ணியக் கொட்டுறியா? என் பிள்ளையக் கொன்னது போதலையா உனக்கு?" என்றாள். இந்த அக்டோபர்வரை அதுதான் அவரோடு அவள் பேசிய கடைசிப் பேச்சாக இருந்தது.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்தார். ஆள் இல்லாத நேரம். "சாடி முழுக்க நெளிஞ்சுது, செல்மி" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. கொசுப் புழுவைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. "அப்ப உங்க டயர்னு எல்லாரும் சொல்றாங்களே. சொல்லவேண்டியதுதானே!" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "என் டயர்லயும் நெளிஞ்சுது. கடிச்சது எங்க பொறந்ததுன்னு யார் அதுகிட்ட விலாசம் கேட்டா? நான் ஏன் அவளுக்கு இந்தப் பழியில பங்கு குடுக்கணும்? அவ அம்மாவுக்கு வெச்ச தண்ணி, செல்மி. தெரிஞ்சா அவ உசுரோட இருக்கமாட்டா." யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். அன்று மதியம் டிரில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தெரு அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது.

சுவெமி போனபோது லாந்தி வயிற்றில் இருந்தவன் ஹைரோ. இப்போது தவழ்கிறான். அவன் அப்பாவுக்குக் கான்கூனில் கட்டட வேலை, எப்போதாவதுதான் வருவான். இந்த அக்டோபரில், சுவெமிக்கு முதல் படையல் போட வேண்டிய நேரத்தில், வில்பர்த்துக்குச் சோறு இறங்கவில்லை. மேசை வரும், சாடி வரும், ஒரு மாதம் தண்ணீர் நிற்கும், பக்கத்தில் தூளியில் குழந்தை இருக்கும். சொன்னால் அவள் தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. மணல் வாங்கிவந்து சலித்தார். அலசினார். வெயிலில் காயவைத்து வாளியில் நிரப்பினார். ஈர மணலில் செருகினாலும் பூ நிற்கும், கொசு முட்டை போடத் தண்ணீர் இருக்காது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். வீட்டு மேசையில் யாரும் செய்வதில்லை.

"நீ குடுத்தா வாங்குவா" என்று வாளியை என்னிடம் தள்ளினார். கொண்டுபோனேன். லாந்தி வாளியைப் பார்த்தாள். யார் சலித்த மணல் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அதை அவர் டயர்ல கொட்டிக்கச் சொல்லுங்க, தோன்யா செல்மி" என்றாள். "கடைசி நாள் முழுக்கத் தண்ணி தண்ணின்னுதான் கேட்டா. இப்ப முதமுதலா வீட்டுக்கு வர்றா. மணலைக் காட்டவா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். நல்ல கனம்.

அக்டோபர் முப்பத்தொன்று குழந்தை ஆன்மாக்களின் நாள். அன்றைக்கு எந்த வீட்டுக் கதவும் மூடியிருக்கக் கூடாது. யார் படியேறி வந்தாலும் படையலில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும், எதிரியானாலும் சரி. லாந்தியும் கதவைத் திறந்து வைத்திருந்தாள். பூப்போட்ட துணி விரித்த மேசையில் சுவெமியின் படம், சாக்லேட் பானம், இனிப்பு ரொட்டி, ஆரஞ்சு, அவள் பொம்மை. இரண்டு சாடி நிறையச் சாமந்தி. நடுவில் தண்ணீர் டம்ளர். ஹைரோ மேசையை ஒட்டித் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆன்மாக்கள் கூட்டிக்கொண்டு போய்விடாமலிருக்க மணிக்கட்டில் சிவப்பு நூல். ஆனால் கொசுவலை போடவில்லை. "அக்கா தம்பி முகத்தை இன்னும் பாக்கலைல்ல" என்றாள் லாந்தி. உதவிக்குப் போயிருந்த நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைச் சட்டையில், தலையை நனைத்து வாரிக்கொண்டு, மணல் வாளியோடு வில்பர்த் வாசலில் வந்து நின்றார். திறந்த கதவில் விரலை மடக்கித் தட்டினார்.

லாந்தி திரும்பவில்லை. "தொறந்துதானே கெடக்கு. யாருக்காகத் தட்டுறீங்க?"

"தட்டாம வந்தா திட்டுவா" என்றார்.

லாந்தியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு ஒரு தட்டில் ரொட்டி வைத்து, கிண்ணத்தில் சாக்லேட் ஊற்றி, முறைப்படி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை. கண் சாடியிலிருந்து தூளிக்கும் தூளியிலிருந்து சாடிக்கும் போய் வந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் லாந்தி. "அன்னிக்குக் கொட்டுறதுக்கு முன்னாடி சாடிக்குள்ள எட்டிப் பாத்தீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உள்ள என்ன இருந்துச்சு?"

தெருவில் எர்மிலாவும் இன்னும் சிலரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"தண்ணி" என்றார் வில்பர்த்.

"தண்ணி மட்டுமா?"

"தண்ணியும் பூக்காம்பும். வேற ஒண்ணுமில்ல, மகளே." தட்டைக் கீழே வைத்தார். "என் கொட்டகையில டயர் டயராப் புழு நெளிஞ்சுது. அதைப் பாத்துட்டு நேரா இங்க வந்தேன். எங்க தண்ணியப் பாத்தாலும் அதுவே தெரிஞ்சுது. உங்கம்மா தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. என் டயர்தான், லாந்தி. எல்லாரும் சொல்றது சரிதான். என் டயர்தான்."

பட்டப்பகலில், தெரு கேட்க, முதல்முறையாக வாயால் சொன்னார். வாசலில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

லாந்தி நம்பினாளா, அதற்கும் அப்பால் ஏதாவது கண்டுகொண்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அழவில்லை. சாடிகளிலிருந்து சாமந்தியை உருவி மேசையில் போட்டாள். தண்ணீரைத் தானே கொண்டுபோய்க் கொல்லையில் கிடாரங்காய் மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து, வெறும் சாடிகளை அவர் முன்னால் நீட்டினாள்.

"போடுங்க" என்றாள்.

அவர் முழங்காலிட்டுப் பிடி பிடியாக மணலைப் போட்டார். கொஞ்சம் தரையிலும் சிந்தியது. கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பூக்களைச் செருகினார். சாமந்தி ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்த்தி வைத்தார். பிறகு பழக்கத்தில் கை டம்ளரை நோக்கிப் போனது.

"அது கூடாது. அவ குடிக்கணும்" என்றாள் லாந்தி.

கையை இழுத்துக்கொண்டார். "சரி."

"மூடியும் வைக்கக் கூடாது. மூடி இருந்தா எப்படிக் குடிப்பா?"

"சரி, மகளே."

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். வில்பர்த் ஒரு முக்காலியை இழுத்து, டம்ளருக்கும் தூளிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். சாக்லேட் ஆறி ஏடு கட்டியது. அவர் டம்ளருக்கு மேலே, தொடாமல், கருத்த கையை மெல்ல வீசிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கொசுவும் இல்லை. வலது கை ஓய்ந்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.